சொமாவின் லேப்டாப்

லேப்டாப்பின் பக்கவாட்டுத் துவாரத்திலிருந்து குளிர்காற்று வந்தது. எனுகு நகரத்துத் தகரக் கூரைகளெல்லாம் வெயிலில் சடசடவென்று முறுக்கிக்கொண்டிருந்த மதியம் அது. கரண்ட் போய், கொல்லையில் ஜெனரேட்டர் கத்திக்கொண்டிருக்க, அதன் பெட்ரோல் புகையும் பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கும் வாசனையும் ஜன்னல் வழியாக ஒன்றாக வந்து அறைக்குள் நின்றன. புராசஸரை முழு மூச்சில் ஓடவிட்டிருக்கும்போது அந்தத் துவாரம் அனலைத்தான் கக்க வேண்டும். உலோமா கையை எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்தாள். குளிர்தான்.

ஊரில் யார் செத்தாலும் அடக்க வீடியோவை வெட்டி ஒட்டித் தருவது உலோமாவின் பிழைப்பு. எந்த இடத்தில் பாட்டைப் போட்டால் யார் குலுங்கி அழுவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனால் தம்பி சொமா லாரி மோதிச் செத்த நாளிலிருந்து அவளுக்குச் சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. நேற்று அவனைப் புதைத்தபோதும் அப்படித்தான் நின்றாள்.

அம்மா அங்கே இல்லை. பிள்ளையைக் குழிக்குள் இறக்குவதைப் பெற்றவள் பார்க்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். உடலைக்கூட அவளுக்குக் காட்டவில்லை. அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள், சாவுச் செய்தி வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

"அவன் மூஞ்சிய ஒரு தடவை காட்டிடு உலோமா. மெதுவா காட்டு. பாத்துட்டுத்தான் சாப்புடுவேன்" என்று காலையில் சொல்லிவிட்டாள்.

கேமராக்காரனோ சவப்பெட்டியைக் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துபோயிருந்தான். அந்தச் சில நொடிகளை நீட்ட வேண்டும். எடுத்த இரண்டு படங்களுக்கு நடுவே, எடுக்காத படங்களைக் கணினியே கணக்குப் போட்டு வரைந்து நிரப்பும். அதற்கு உலோமாவின் பழைய கணினிக்குத் திராணி கிடையாது. சொமாவின் லேப்டாப்பை எடுத்தாள். அதுவும் திணறியது. புராசஸரின் வேகத்தை வரம்பு தாண்டி ஏற்றி, அதை ஓவர்கிளாக் செய்து பார்க்க வேண்டும் என்று அவன் எத்தனை முறை கெஞ்சியிருப்பான்! எரித்துத் தொலைத்துவிடுவாய் என்று ஒவ்வொரு முறையும் இவள்தான் திட்டினாள். கீபோர்டில் எழுத்துகளெல்லாம் தேய்ந்திருந்தன. இடது ஓரத்துப் பொத்தான்கள் மட்டும் புதிதாகவே மின்னின. சிறுவயதில் மரவள்ளி அரைக்கும் மிஷின் பெல்ட்டில் சிக்கி, இடது சுண்டுவிரலில் பாதியை இழந்தவன் அவன்.

கம்ப்யூட்டர் சந்தையில் கடை வைத்திருக்கும் பெரியம்மா மகன் கெனே, போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஒரேயடியா ஏத்திடாத. ஒரு படி ஏத்து, டெஸ்ட் ஓடவிடு, சூட்டைப் பாரு. தொண்ணூறைத் தாண்டுச்சுன்னா இறக்கிடு. வோல்டேஜ் பக்கம் மட்டும் கை வெக்காத."

"ஒரு படி ஏத்திட்டேன்டா. சூடு குறையுது."

"குறையுதா? ஏத்தினா எப்படிக்கா குறையும்? சென்சார் போயிருக்கும். கையால தொட்டுப் பாரு."

"தொட்டேன். ஜில்லுன்னு இருக்கு."

"அப்போ ரெண்டு பீர் பாட்டிலை மேல வெச்சிடு" என்று சிரித்தவன், சாவு வீடு என்று நினைவு வந்து சட்டென்று நிறுத்தினான். "மன்னிச்சுக்கோக்கா. கடையில ஆளு நிக்குது. அப்புறம் கூப்புடறேன்."

உலோமா அடுத்த படி ஏற்றினாள். ஐம்பது டிகிரியில் இருந்த சூடு முப்பதுக்கு வந்தது. டெஸ்ட் ஒரு பிழையும் இல்லாமல் ஓடி முடிந்தது. இன்னும் ஒரு படி. விசிறியின் இரைச்சல் அடங்கி, அதற்கடியிலிருந்து வேறொரு சத்தம் மேலே வந்தது, பெரிய குளிர்பெட்டி ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம் உறுமுவதுபோல. காற்றில், பிணம் கெடாமலிருக்க ஏற்றும் ஃபார்மலின் மருந்தின் வாடை. அது அவளுக்குத் தெரியும். பிணவறையில் அந்த ஆள் இழுப்பறையை இழுத்து, துணியை விலக்கி, "உங்க ஆளுதானே?" என்று கேட்டபோது அடித்த அதே வாடை. அவள் சுவரில் உரிந்திருந்த பெயின்டைப் பார்த்துக்கொண்டே, "ஆமா" என்றாள்.

முகத்தை அவள் பார்க்கவில்லை.

வீடியோ தயாரானது. ஓடவிட்டாள். பெட்டிக்குள் வீங்கிக் கறுத்த முகம், நெற்றிவரை இறங்கிய தொப்பி, மூக்கில் பஞ்சு. ஆள் மாறித் தெரிகிறான், மருந்து ஏற்றினால் அப்படித்தான் ஆகும் என்று நேற்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கேமரா மெல்ல மெல்ல மார்பின்மேல் கட்டியிருந்த கைகளுக்கு வந்தது. வெள்ளைக் கையுறை. இடது கை. சுண்டுவிரல்.

முழுசாக இருந்தது.

நிறுத்தினாள். நடுவில் கணினி வரைந்த படமாக இருக்கும். கணக்கு பிசகியிருக்கும். கேமராவில் எடுத்த அசல் படத்தைத் திறந்தாள். அதிலும் அப்படியே. உறையின் நுனிவரை விறைப்பாக, உள்ளே சதையோடு, ஒரு முழு விரல்.

யாரையோ புதைத்திருக்கிறார்கள். யாரோ பெற்ற பிள்ளையை. அப்படியானால் சொமா?

அவள் எதையும் தொடவில்லை. வேகம் தானாகவே இன்னொரு படி ஏறியது. சூடு பதினைந்து. பத்து. திரையில் பெட்டி மறைந்து இருட்டு வந்தது. அணைந்த திரையின் இருட்டு அல்ல, மிக அருகில் ஒரு தகரக் கூரை இருக்கும் இருட்டு. அதில் யாரோ விட்ட மூச்சு, பனியாகப் படிந்து விலகியது.

நான்கு டிகிரி, பிணவறை இழுப்பறையின் குளிர்.

சார்ஜரைப் பிடுங்கினாள். ஓடியது. பொத்தானை அழுத்திப் பிடித்தாள். ஓடியது. விரல்களில் உணர்ச்சி இல்லை. மூடியை அறைந்து சாத்தினாள்.

உள்ளிருந்து ஒரு தட்டல்.

மெதுவாக. தகரத்தைத் தட்டுவதுபோல.

இரண்டு உள்ளங்கைகளையும் மூடிமேல் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினாள். கொல்லையில் ஜெனரேட்டர் இருமி இருமி நின்றுபோனது. அந்த அமைதியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுதா உலோமா? வரட்டுமா?"

"வராதம்மா!"

கதவு திறந்தது. அம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே உள்ளே வந்தாள். கைக்குக் கீழே மூடி உயர்ந்தது. தள்ளுகிற பலம் பெரிதாக ஒன்றும் இல்லை, நெடுநேரம் படுத்துக் கிடந்தவன் எழுந்திருக்கிற பலம்தான். ஆனால் மரத்துப்போன கைகளால் அதைத் தடுக்க முடியவில்லை. இத்தனை நாளும் வராத அழுகை, அப்போது வந்தது.

அம்மா அவளைப் பார்க்கவில்லை. மூடியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் பயமே இல்லை.

"இவ்வளவு குளிருல உன்னை விட்டுட்டு வந்துட்டாங்களாடா?" என்றாள்.

விளிம்பைப் பற்றியிருந்தன விரல்கள். உறையில்லாமல், நகக்கண்களில் பனியோடு. கடைசி விரல் பாதிதான் இருந்தது.