முடுக்குச் சுவரில் ஒரு கறுப்புக் கேபிள்

காலை எட்டு மணிக்குத் சவூதியின் தம்மாமிலிருந்து அழைப்பு வந்தாலே ருகையா போனை எடுக்கத் தயங்கினாள். மூன்று வாரமாக இப்படித்தான். அதற்கு முன்பெல்லாம் அந்த நேரத்துக்காகவே காத்திருப்பாள். அங்கே விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு, வேலைக்குக் கிளம்புமுன் கணவன் யாசிர் பேசுவான். மகள் ஆமிரா படிக்கிறாளா, மீன் என்ன வாங்கினாய், உப்புக்காற்று இன்னும் எந்தக் கதவின் கீலைத் தின்றது என்று ஊர்க்கதை எல்லாம் கேட்பான். இப்போது ஒரே கேள்விதான்.

"இன்னைக்கும் அஞ்சரையிலேர்ந்து எட்டு வரைக்கும் கொல்லைக் கேமரா ஓடல. யாரு ஆஃப் பண்றா?"

"நான் தொடவே இல்ல மச்சான்."

"முன்வாசல் கேமரா நல்லா ஓடுது. கொல்லையில உள்ளதுக்கு மட்டும் தெனம் அதே நேரத்துல தூக்கம் வருதாக்கும்?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள். சொல்ல ஒரு வார்த்தை இருந்தது. அதைச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தாள்.

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். ருகையாவின் வீடும் அவள் வாப்பா கொடுத்தது. அதன் பின்னால் மூன்றடி அகலத்தில் ஒரு முடுக்கு. பெண்கள் தெருவில் கால் வைக்காமல் வீட்டுக்கு வீடு போய்வரும் சந்து அது, ஆண்கள் நுழைவதில்லை. மூன்று வாரத்துக்கு முன், அக்கம்பக்கத்தில் திருட்டுப் பயம் என்று யாசிர் கேமரா வைக்கச் சொன்னபோது, ருகையா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். கேமராவின் பார்வை முடுக்கில் விழக்கூடாது, கொல்லை முற்றத்தையும் பின்கதவின் உட்புறத்தையும் மட்டும்தான் பார்க்க வேண்டும். கேமரா மாட்ட ஆறுமுகநேரியிலிருந்து வந்த செந்தூர்வேல் அதற்குச் சரி என்றான். ஆனால் உள்சுவர்களோ இரண்டு முழத் தடிமன். முன்வாசலிலிருந்து கொல்லைக் கேமராவுக்குக் கேபிள் வெளியே சுற்றி, முடுக்குச் சுவர் வழியாகத்தான் போக முடியும். ருகையா பதினொரு வீட்டுக்கும் நடந்து, அரைமணி நேரம் யாரும் வெளியே வரவேண்டாம் என்று கேட்டு வாங்கிக் கொடுத்தாள். அந்த அரைமணியில் செந்தூர்வேல் ஓட்டமும் நடையுமாக நாற்பது மீட்டரையும் அடித்து முடித்தான்.

சரி, அந்தச் சத்தியம் என்ன? அது ஷஃபீகாவுக்குச் செய்தது. யாசிரின் கூடப்பிறந்த லாத்தா ஷஃபீகா, அதே முடுக்கின் கடைசி வீட்டில் தனியாக இருக்கிறாள். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் அவர்களின் வாப்பா மவுத்தானபோது யாசிருக்கு லீவு கிடைக்கவில்லை, அடக்கத்துக்கு வர முடியவில்லை. அன்றைக்கு அவள் போனில் கொட்டிய வார்த்தைகளை அவனும் மறக்கவில்லை, அவளும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவும் தம்பியும் பேசி ஆறு வருடம். ருகையாவின் வாசலையும் ஷஃபீகா மிதித்ததில்லை. நாத்தனாருக்கும் தனக்கும் எந்தச் சண்டையும் இல்லாமலே அந்த ஆறு வருடத்தின் பாரத்தையும் சுமந்தவள் ருகையாதான்.

போன ஐப்பசியில் ஷஃபீகாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்து ஏற ஏற முடி கொட்டியது. கஞ்சி வயிற்றில் தங்கவில்லை. விஷயம் தெரிந்த அன்றே ருகையா போய் நின்றாள். "வாப்பா மவுத்துக்கு வராதவன் என் சீக்குக்கு வரவேண்டாம். அவன் காதுல போட்டா இந்த நடைய நீ மிதிக்காத" என்றாள் ஷஃபீகா. ருகையா அல்லாஹ் மேல் ஆணையிட்ட பிறகே ஷஃபீகா கஞ்சியை வாயில் வாங்கினாள்.

அதிலிருந்து தினமும் விடியல் பாங்கு சொன்ன கையோடு ருகையா தொழுதுவிட்டு, பின்கதவைத் திறந்து முடுக்கில் இறங்கிவிடுவாள். நாத்தனாரைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, ஊட்டிவிட்டு எட்டு மணிக்குள் திரும்புவாள். அந்த வேலையைச் செய்யும்போது அவள் முகம் ஒருநாளும் சுளித்ததில்லை. இதற்கெல்லாம் சொர்க்கத்தில் இடம் உண்டு என்று சிலர் அளந்து செய்வார்கள். இவள் அப்படி அளக்கவும் தெரியாதவள்.

வினை பிள்ளை வாயில் வந்தது. வாப்பா கேட்டபோது பதினாறு வயது ஆமிரா கள்ளமில்லாமல், "அந்த நேரத்துக்கு உம்மா வீட்டுல இருக்கமாட்டாஹளே" என்றுவிட்டாள். எங்கே என்று கேட்டதற்குத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாசிர் அன்றைக்குக் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"கேமராவ நிறுத்திட்டு எங்க போற ருகையா? நான் ஒன்னைத் தப்பா நெனக்கல. இருவது வருசத்துல எங்கிட்ட ஒண்ணு ஒளிக்கணும்னு ஒனக்குத் தோணிட்டே... அதத்தான் தாங்க முடியல."

அதோடு நான்கு நாள் அழைப்பே இல்லை. ருகையா தொழுகைப் பாயில் மட்டும் அழுதாள். அடுப்படிக்கு வரும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஐந்தாம் நாள் காலை, முடுக்கில் திரும்பி வரும்போது அவள் கை தற்செயலாகச் சுவரில் பட்டது. ஈரம். தை மாதத்துப் பனி சுவரெல்லாம் வடிந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே பார்த்தாள். வெள்ளைக் கேபிள் நடுவில் ஒட்டுப்போட்டு, டேப் சுற்றியிருந்தது. டேப் பிரிந்து, உள்ளே செம்பு பச்சையாய்ப் பூத்து, நீர் சொட்டியது. அவள் கதவை மூடிக்கொண்டு முற்றத்தில் காத்திருந்தாள். எட்டு மணிக்கு வெயில் முடுக்கில் இறங்கியது. சற்று நேரத்தில் கேமராவின் சின்ன விளக்கு தானாக எரிந்தது. ருகையாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

செந்தூர்வேல் மறுநாளே வந்தான். முன்வாசலில் நின்றபடி, அந்த ஒட்டை அவள் போனில் எடுத்திருந்த படத்தைப் பார்த்ததும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அன்றைக்கு அவசரத்தில் கேபிள் எட்டாமல் ஒட்டுப்போட்டதையும், அது வீட்டுக்குள் ஓட்டுகிற வெள்ளைக் கேபிள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னான். கரண்டும் படமும் அந்த ஒரே கேபிளில்தான் போகின்றன. பனி இறங்கினால் இரண்டும் நின்றுவிடும். வெயிலையும் உப்பையும் தாங்க வெளிப்புறத்துக்கென்றே உள்ள கறுப்புக் கேபிளை, ஒட்டே இல்லாமல் புதிதாக இழுக்க வேண்டும். அதற்கு அரைநாள் முடுக்கு வேண்டும்.

"தப்பு என்னோடதுக்கா. அண்ணாச்சிட்ட நானே பேசுதேன்."

"வேண்டாம் தம்பி. நான் சொல்லிக்குடுத்ததா நெனப்பாஹ. ஓட வச்சுருவோம், அவங்களே பாக்கட்டும்."

ஆனால் அரைநாள் காலியான முடுக்குக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டில் கல்யாணம். பெண்கள் தட்டும் தாம்பாளமுமாக நாள் முழுக்க நடந்துகொண்டிருந்தார்கள். ருகையா சற்று யோசித்துவிட்டு, "சொல்லிக்குடுங்க, நானே அடிக்கேன்" என்றாள். செந்தூர்வேல் சிரிக்கவில்லை. அவன் நல்ல தொழிலாளி என்பதற்கு அந்த ஒன்று போதும்.

எட்டு நிறக் கம்பிகளை வரிசை மாறாமல் அடுக்கி முனையில் பிளக் வைத்து இறுக்கும் வேலையை வாசலிலேயே கற்றாள். நான்கு பிளக் வீணாயின. ஐந்தாவதைச் சோதித்தபோது எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. பிறகு இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு முடுக்கில் ஏணி போட்டாள். கல்யாணவீட்டுப் பெண்கள் தாம்பாளத்தை இறக்கிவைத்துவிட்டு ஏணியைப் பிடித்தார்கள். ஒருத்தி கேபிள் சுருளைப் பிரித்துக் கொடுத்தாள். முழத்துக்கு ஒரு கிளிப். சுவருக்குள் நுழையுமுன், துளைக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு வளைத்து மேலேற்றினாள். மழைத்தண்ணீர் கேபிளோடு உள்ளே வராமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும் என்று செந்தூர்வேல் சொல்லியிருந்தான். நாற்பத்தைந்து வயதில், ஏணி உச்சியில், வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு நின்றவளைப் பார்க்க முடுக்கே கூடிவிட்டது.

ஒன்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. கேமரா சரியானால், நாளை முதல் அவள் பின்கதவைத் திறந்து வெளியேறுவது யாசிரின் கண்ணுக்கு நேராகத் தெரியும். எங்கே என்று கேட்பான். அப்போதும் சொல்ல முடியாது. நிறுத்திவிட்டுப் போனாள் என்ற பெயராவது போகட்டும் என்றுதான் அடித்தாள்.

சுத்தியல் சத்தம் கடைசி வீடுவரை கேட்டது. அது எதற்கு என்பதை, நான்கு நாள் பேச்சு நின்றது உள்பட, ஆமிரா தன் மாமி ஷஃபீகாவிடம் அழுதுகொண்டே ஒப்பித்தாள்.

மறுநாள் கஞ்சிச் சட்டியோடு போன ருகையா திகைத்துவிட்டாள். ஷஃபீகா எழுந்து, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

"ஒன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

"மச்சி, ஒங்களால நடக்க முடியாது."

"நீ ஏணியில ஏறுவ, நான் நடக்கக் கூடாதா?"

எட்டு மணி நெருங்கியதும், பதினொரு வீட்டுத் தூரத்தை நான்கு இடத்தில் நின்று கடந்தார்கள். ஆறு வருடத்துக்குப் பிறகு ஷஃபீகா அந்தப் பின்கதவைத் தாண்டினாள். முற்றத்தின் நடுவில் நின்று முகத்தைக் கேமராவுக்கு நேராக உயர்த்தினாள். தம்மாமில் தம்பி தொழுதுவிட்டுப் போனை எடுக்கும் நேரம் அவளுக்கும் தெரியும்.

"ஏலே யாசிர்... ஒம் பொண்டாட்டி காலையில எங்க போறான்னு கேட்டியாமே. பாத்துக்கோ." துப்பட்டியைத் தலையிலிருந்து இறக்கினாள். ஒரு முடி இல்லை. "இந்தத் தலையக் கழுவத்தான் வாரா. ஒங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்குனது நான். பாவி நான்தாம்லே... அவ இல்ல."

ஷஃபீகா கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேமராவின் ஒலிபெருக்கி கரகரத்தது.

"லாத்தா..."

ஆறு வருடம் அவன் வாயில் வராத சொல் அது. ஷஃபீகா சுவரில் சாய்ந்து அழுதாள். யாசிர், "ருகையா எங்க? ருகையாவக் காணலியே" என்றான். ருகையா கேமராவின் பார்வை எட்டாத மூலையில், கஞ்சிச் சட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மன்னிச்சிரு ருகையா. நான் வாரேன். லீவு குடுத்தாலும் குடுக்காட்டியும் வாரேன்." பிறகு, "கேமரா எப்படி ஓடுது... யாரு சரிபண்ணுனா?" என்றான்.

ஷஃபீகா எலும்பான கையை நீட்டி ருகையாவை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். சட்டி சாய்ந்து கஞ்சி இருவர் சேலையிலும் கொட்டியது.

"இவதாம்லே. இவ ஏணியில ஏறி அடிச்ச கேபிள்லதான் நீ இப்ப என் மூஞ்சியப் பாக்குத."

இத்தனை நாளும் தொழுகைப் பாயில் மட்டும் அழுதவள், நாத்தனாரின் தோளில் முகம் புதைத்து, கணவன் பார்க்கப் பார்க்கச் சத்தமாக அழுதாள்.