மேற்குக் காற்று அடித்த சனிக்கிழமை

"கடற்கரைக்குள்ள விடுற பேட்ஜுக்குக் காசு வாங்கினீங்கல்ல? நேத்து மத்தியானம் மணல்ல அஞ்சு நிமிஷம் உக்கார முடியல. காசத் திருப்பிக் குடுங்க!"

ஸ்டில்வெல் பாயிண்ட் தகவல் சாவடியின் ஜன்னலில் ஞாயிறு காலையிலேயே ஒரு ஃபிலடெல்பியாக்காரர் கத்திக்கொண்டிருந்தார். லூ ஃபெரான்டி அசரவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்வதுதான் பதினைந்து கோடைகளாக அவருக்கு வேலை.

"ஐயா, காத்து நிலத்துப் பக்கமிருந்து அடிச்சா பின்னால உப்பங்கழிச் சதுப்புல இருக்கிற பச்சைத்தலை ஈ மொத்தமும் கெளம்பிக் கடற்கரைக்கு வந்துரும். என்ன களிம்பு பூசினாலும் விடாது. அதான் போர்டுல எழுதினேனே, மத்தியானத்துக்கு மேல மேற்குக் காத்து, சினிமாவுக்குப் போங்கன்னு. எழுதின நானே வீட்டுக்கு ஓடுறதுக்குள்ள என்ன ஆனேன் பாருங்க!" என்று காலைத் தூக்கி மேசைமேல் வைத்தார். முழங்காலுக்குக் கீழே அம்மை போட்டதுபோலத் தடிப்புகள். சிலவற்றில் ரத்தம் காய்ந்திருந்தது.

"காலைக் கீழ எடு லூ. என் காபி இருக்கு அங்க," என்றார் உள்ளே உட்கார்ந்திருந்த அக்னஸ் டியர்னி. முப்பது வருஷம் இந்த ஊர் போலீசில் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு காலை வேளைகளில் சாவடிக்கு வருகிறவர். லூவுக்கு அவர் இன்னும் சார்ஜென்ட்தான்.

ஃபிலடெல்பியாக்காரர் சட்டென்று வாயை மூடி விலகினார். அவருக்குப் பின்னால் கார்லா மன்சோ நின்றிருந்தாள். கீழுதடு பிளந்து, சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம்.

அக்னஸ் எழுந்து கதவைத் திறந்தார். "யாரும்மா அடிச்சது?"

"கிரெய்க் வாஸ். செத்துப்போன நீல் பிராண்டோட தங்கச்சி புருஷன். கடைக்கு வந்து நாற்காலியெல்லாம் ஒடைச்சிட்டு, 'கொலைகாரன் பொண்டாட்டி'ன்னு மூஞ்சியிலேயே குத்திட்டுப் போயிட்டான். என் மூஞ்சி கெடக்கட்டும். டாமியை நாளைக்குக் காலையில மாவட்டச் சிறைக்குக் கொண்டுபோறாங்களாம். அவரு கொல்லல, மிஸஸ் டியர்னி!"

ஊருக்கே தெரிந்த கதைதான். கார்லாவின் கணவன் டாமி கடற்கரையில் குடை வாடகைக்கு விடுகிறவன். சனிக்கிழமை காலை அவன் கடைக் குடை ஒன்று பறந்துபோய் நீல் பிராண்டின் வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. கடற்கரையில் நிரம்பி வழிந்த கூட்டத்துக்கு நடுவில் இருவரும் கட்டிப் புரண்டார்கள். நீலின் புருவம் கிழிந்தது. "இன்னொரு தடவை வந்தா மண்டையைப் பொளந்துருவேன்" என்று டாமி கத்தினான். சாயங்காலம் நீல் தன் வீட்டுக் கூடத்தில் மண்டை பிளந்து கிடந்தான். பக்கத்தில் டாமியின் குடை அடிக்கும் சுத்தியல்.

"மத்தியானம் டாமி எங்க இருந்தான்?" என்று கேட்டார் அக்னஸ்.

"மணல்ல. எல்லாரும் ஓடினப்புறம் ஒத்தை ஆளா குடையெல்லாம் பிடுங்கிக் கட்டிட்டு இருந்தாரு. பாத்தவங்க யாருமில்ல. காலுறையில ரத்தம் இருக்குன்னு அந்த மாவட்டத் துப்பறிவாளர் ப்ரூயிட் புடிச்சிட்டாரு."

"யார் ரத்தம்னு பாத்தாங்களா?"

"சோதனை முடிவு வர ரெண்டு வாரம் ஆகுமாம்."

லூ ஏற்கெனவே தொப்பியை எடுத்துவிட்டார். "வாங்க சார்ஜென்ட், அந்த வாஸ் பயலைப் போய் ரெண்டு கேள்வி கேப்போம்."

"ரெண்டே கேள்விதான். நீ வாயத் தொறக்கக் கூடாது."

நீல் பிராண்டின் வீட்டு வாசலில் காரின் பின்கதவு திறந்திருந்தது. கிரெய்க் வாஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். ஆறடிக்கு மேல் உயரம், அரைக்கால் சட்டை, நேற்று வாங்கியதுபோலப் பளபளக்கும் செருப்பு. வாசற்படியில் அவன் மனைவி ஹெலன் நின்றாள். வெயில் தகித்தது. அவளோ மணிக்கட்டு வரை மூடிய கம்பளிச் சட்டை போட்டிருந்தாள்.

"கிளம்பிட்டீங்களா?" என்றார் அக்னஸ்.

"பின்னே? பிட்ஸ்பர்க் போய்ச் சேர ராத்திரி ஆயிடும். ஹெலன் அண்ணனோட நாலு நாள் இருக்கேன்னு சொல்லிட்டு வந்தா. நான் வெள்ளிக்கிழமைதான் வந்தேன், கூட்டிட்டுப் போக. வந்த எடத்துல இப்படி ஆச்சு."

"நேத்து மத்தியானம் நீங்க இங்க இல்லாம போயிட்டீங்களே. இருந்திருந்தா தடுத்திருக்கலாம்."

"அதாங்க மனசு ஆற மாட்டேங்குது." கிரெய்க் நெற்றியைத் தேய்த்தான். "மத்தியானம் பூரா கடற்கரையில துண்டை விரிச்சுத் தூங்கிட்டு இருந்தேன். சாயங்காலம் ஹெலன் அலறின சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன்."

"பக்கத்துல யாராவது உங்களைப் பாத்திருப்பாங்க."

"நல்லா கேட்டீங்க! சனிக்கிழமைக் கூட்டம், கால் வைக்க எடமில்ல. ஆயிரம் பேர்ல என்னை யாரு கவனிச்சா?"

லூ வாயைத் திறந்தார். அக்னஸ் அவர் காலை மிதித்தார். பிறகு கிரெய்க்கின் கால்களைப் பார்த்தார். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வெள்ளை வெளேரென்று, ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தன.

"நீ எங்கம்மா போயிருந்த?" என்று ஹெலனைக் கேட்டார்.

"சினிமாவுக்கு," என்றாள் அவள், புருஷனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. "சாவடி போர்டுல எழுதியிருந்தாங்க. அண்ணன் புருவத்துக்குத் தையல் போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாரு. தனியா இருக்க வேணாம், நீயும் போயிட்டு வான்னாரு."

"ப்ரூயிட் உங்க கையெழுத்து கேட்டாரு. உள்ள உக்காருங்க, வந்துருவாரு," என்று அக்னஸ் அமைதியாகச் சொல்லிவிட்டு, ப்ரூயிட்டைக் கூப்பிட லூவைத் தொலைபேசிக்கு அனுப்பினார்.

சற்று நேரத்தில் கூடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கார்லாவும் ப்ரூயிட்டின் காரிலேயே வந்திருந்தாள். தரையில் கறுத்துப்போன கறையை யாரும் மிதிக்காமல் உட்கார்ந்ததில் நாற்காலிகள் வட்டமாக அமைந்துவிட்டன. நின்றுகொண்டிருந்தது அக்னஸ் மட்டும்தான்.

"மிஸ்டர் வாஸ், நேத்து எங்க இருந்தீங்கன்னு இவருகிட்டயும் ஒரு தடவை சொல்லிருங்க."

கிரெய்க் சலிப்போடு சொன்னான். துண்டு, தூக்கம், கால் வைக்க இடமில்லாத கூட்டம், எதுவும் மாறவில்லை.

"லூ, காலைத் தூக்கி மேசைமேல வை."

லூ பெருமையோடு வைத்தார்.

"ப்ரூயிட், டாமி காலைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். பூரா கீறலும் வீக்கமும். சண்டையில பட்டது."

"சண்டையில ரெண்டு காலும் ஒரே மாதிரி வீங்காது. நீங்க கடலோரத்து ஆள் இல்ல, அதுவும் சாயங்காலம் காத்து திரும்பினப்புறம் வந்தீங்க. இது பச்சைத்தலை ஈ. தோலை வெட்டி ரத்தம் குடிக்கும். காலுறையில இருக்கிறது டாமியோட சொந்த ரத்தம். மத்தியானத்துக்கு மேல மேற்குக் காத்து அடிச்சது. அப்புறம் அந்த மணல்ல டாமியைத் தவிர ஒரு ஜீவன் கிடையாது. பேட்ஜ் பாக்கிறவங்களையே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

ப்ரூயிட் திரும்பி கிரெய்க்கின் கால்களைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அவன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"நீங்க கடைசியா பாத்தப்போ கூட்டம் இருந்துச்சு," என்றார் அக்னஸ். "காலையில சண்டை நடந்தப்போ. டாமி கத்தினதைக் கேட்டீங்க. அவன் சுத்தியலை எடுத்துட்டுப் பின்வாசல் வழியா இங்க வந்தீங்க. நீலும் ஹெலனும் போயாச்சு. உள்ளறையில ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, குளுகுளுன்னு ஏசியில காத்துட்டு இருந்தீங்க. வெளிய காத்து மாறினது தெரியல. தையல் போட்டுட்டு வந்த மனுஷனைப் பின்னாலிருந்து அடிச்சீங்க."

"நான் எதுக்குக் கொல்லணும் அவனை? கிழவி உளர்றா!" என்று கத்தினான் கிரெய்க்.

"ஹெலனைச் சட்டைக் கையை மடிச்சுக் காட்டச் சொல்லுங்க. எதுக்குன்னு தெரிஞ்சுரும்."

ஹெலன் மடிக்கவில்லை. ஆனால் தலையும் குனியவில்லை. "போக வேணாம்னு அண்ணன் சொன்னாரு," என்றாள் மெல்ல. "இனிமே அவன் உன்மேல கை வெச்சா என்னைத் தாண்டித்தான் வரணும்னாரு."

கிரெய்க் பாய்ந்தான். குறுக்கே வந்த லூவின் மூக்கில் முழங்கை இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அடுத்த நொடி ஜன்னல் ஓரம் கூட்டிவைத்திருந்த உடைந்த கண்ணாடியில் ஒரு நீளத்துண்டு அவன் கையில் இருந்தது. இன்னொரு கை ஹெலனின் முடியை வளைத்துப் பிடித்திருந்தது. கண்ணாடி அவள் கழுத்தில் அழுந்தி ரத்தம் கசிந்தது.

"யாராவது கிட்ட வந்தா அறுத்துருவேன்! கார் சாவியை எடுடி!"

ப்ரூயிட்டின் கை துப்பாக்கி உறையிலேயே நின்றது. ஹெலன் சாவிக்குக் குனிவதுபோலத் தலையைத் தாழ்த்தினாள். தாழ்த்தி, கண்ணாடி பிடித்த அவன் கையைக் கடித்தாள்.

பல் எலும்பில் முட்டும் வரை விடவில்லை. அவன் அவள் தலையில் குத்தினான், மறுபடியும் குத்தினான். அப்போதும் விடவில்லை. கண்ணாடி தரையில் விழுந்து சிதறியது. அக்னஸ் அவன் முழங்காலின் பக்கவாட்டில் உதைத்தார். அவன் கறையின் மேல் குப்புற விழுந்ததும் ப்ரூயிட் முதுகில் ஏறி விலங்கை மாட்டினார்.

"விட்டுரும்மா," என்று அக்னஸ் அவள் தோளைத் தொட்டார். "போதும். விட்டுரு."

கார்லா தன் ரத்தம் படிந்த கைக்குட்டையாலேயே அவள் வாயைத் துடைத்துவிட்டாள்.

அன்று மாலையே டாமி வீங்கின கால்களோடு வீட்டுக்கு நடந்துவந்தான். வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிவிட்டபடி கார்லா விடிய விடியத் திட்டினாள்.

நீலை அடக்கம் செய்த மறுநாள் ஹெலன் சாவடி ஜன்னலுக்கு வந்தாள். கையில்லாத சட்டை. இரண்டு மேற்கையிலும் மஞ்சளாகிக்கொண்டிருந்த விரல் தடங்கள். அவள் அவற்றை மறைக்கவில்லை.

"இன்னிக்குக் கடற்கரைக்குப் போகலாமா?"

மூக்கில் பெரிய கட்டோடு லூ வெளியே எட்டிக் கொடியைப் பார்த்தார். "தாராளமா. காத்து கடல்லேர்ந்து வருது."

மணலில் டாமி அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "உங்க அண்ணனை நான் அன்னிக்கு அடிச்சிருக்கக் கூடாது," என்றான்.

"அவரும்தான் உங்களை அடிச்சாரு," என்றாள் ஹெலன். "ஒரு குடை குடுங்க."

சுத்தியல் இன்னும் போலீசிடம் இருந்தது. டாமி முட்டி போட்டு, குடைக்கம்பை இரண்டு கையாலும் பிடித்து, தன் முழு எடையும் கொடுத்து மணலில் இறக்கினான். காற்று வரும் பக்கமாகச் சற்றுச் சாய்த்து, ஒரு முறை ஆட்டிப் பார்த்தான்.

"பறக்காது," என்றான்.