இரண்டு பேருக்கு ஓர் அறை

மூன்று பேருக்கு என்று சொல்லி வைத்திருந்த அறை எப்படியோ இரண்டு பேருக்கு என்று மாறிப்போயிருந்தது. சாப்பாட்டுக்கு மீன் கிடைக்குமா என்று கேட்கலாமென்று, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் வேதாரண்யத்துக்குப் போன் போட்ட பிரகதீஸ்வரியிடம், அந்தக் கடலோர விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ராஜாத்தி வெகு இயல்பாகச் சொன்னாள்.

"ரெண்டு பேருக்குத்தானேம்மா? நீங்கதான் நேத்து கூப்பிட்டு மாத்தினீங்க."

பிரகதீஸ்வரி யாரையும் கூப்பிடவில்லை. அப்படியே சொன்னாள். மூன்று பேர்தான், நான், என் வீட்டுக்காரர், எங்கள் பெண், வேறு யாருடைய கணக்கையோ எங்களோடு சேர்த்துக் குழப்பாதீர்கள் என்று கொஞ்சம் சூடாகவே சொன்னாள். ராஜாத்தி சரிங்கம்மா என்றாள். ஆனால் அந்தச் சரியில் நம்பிக்கை இல்லை.

பிரகதீஸ்வரிக்கு எரிச்சலாக வந்தது. இந்தப் பயணத்துக்கு இது மூன்றாவது முயற்சி. முதல் தடவை புயல் எச்சரிக்கை வந்து பஸ்ஸையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த தடவை புறப்படுகிற அன்று காலையில் கணவன் இளஞ்செழியனின் சித்தப்பா இறந்துபோனார். கல்யாணமாகி அம்மாப்பேட்டைக்கு உள்ளே தள்ளியிருந்த இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் வயலையும் வாய்க்காலையும் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் கவிப்ரியா கடலையே பார்த்ததில்லை. காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். கோடியக்கரையில் பூநாரைகள் கூட்டமாக வந்திறங்கும் பருவம் இது. உப்பளம், கலங்கரை விளக்கம், கோயில், ஒரு ராத்திரித் தங்கல். அதற்கு ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பினை இல்லையா?

இந்த முறை நெல் குறுக்கே வந்தது. அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் கொட்டிய நேரத்தில், தை மாதத்தில் பெய்யவே கூடாத மழை பிடித்துக்கொண்டது. ஈரம் குறைந்தால்தான் எடை போட முடியும். இளஞ்செழியன் பகலெல்லாம் நெல்லைக் கிளறிக் காயப்போட்டுவிட்டு, மழை தூறினால் தார்ப்பாய் போட்டு மூடி, ராத்திரி அங்கேயே படுத்துக்கொண்டான். வீட்டுக்கு வருவது குளிக்கவும் சாப்பிடவும் மட்டும். ஊருக்குப் போகிற பேச்சை எடுத்தாலே, பார்க்கலாம் ஈஸ்வரி, பார்க்கலாம் என்பான். அந்தப் பார்க்கலாம் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு மண்டைக்குள் ஏதோ அறுந்துபோகும்.

போனை எடுத்துப் பார்த்தாள். முந்தின நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் ராஜாத்தியின் எண்ணுக்கு ஓர் அழைப்பு போயிருந்தது. அந்த நேரம் அவள் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். போன் படுக்கையறையில் சார்ஜில் கிடந்தது. வேறு யார், கவிதான்.

கூடத்தில் தரையில் படுத்து வரைந்துகொண்டிருந்த கவியை எழுப்பி நிறுத்திக் கேட்டாள். பெண் புரியாமல் விழித்தது.

"நான் எடுக்கலம்மா. நீதானே பேசினே."

"நான் எங்கடி பேசினேன்?"

"ரூம்ல. இருட்டுல நின்னுக்கிட்டு. லைட் போடட்டுமான்னு கேட்டேன். வேணாம் தங்கம்னு சொன்னே."

பிரகதீஸ்வரி அவள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். பொய்யும் சொல்லி அதற்கு ஜோடனை வேறா என்று திட்டினாள். கொஞ்ச நாளாகவே அப்படித்தான். தொட்டதற்கெல்லாம் அவளை அடிக்கக் கை நீண்டுவிடுகிறது. கவி அழவில்லை. தலையைத் தடவிக்கொண்டு, யாரோ புதியவளைப் பார்ப்பதுபோல அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படுக்கையறைக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி வரைய உட்கார்ந்தாள்.

தங்கம். பிரகதீஸ்வரி அவளை அப்படிக் கூப்பிட்டு எவ்வளவு நாளாகிறது என்று அவளுக்கே நினைவில்லை.

மறுநாள் அவசரத்தில் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவள் பாடம் நடத்தும் பள்ளியில்தான் கவியும் படித்தாள். இருவரும் கிளம்பிய பிறகு வீடு பூட்டித்தான் கிடந்தது. சாயங்காலம் திரும்பிவந்து, நனைந்த குடையை விரித்துவைத்துவிட்டு இளஞ்செழியனைக் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள், இல்லாவிட்டால் இனிமேல் இந்த வீட்டில் யாரும் ஊருக்குப் போகிற பேச்சே எடுக்க வேண்டாம் என்று ஆரம்பித்து, சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் கொட்டினாள். மறுமுனையில் தார்ப்பாய் மேல் மழை விழும் படபடப்பு கேட்டது.

"என்ன ஈஸ்வரி, மதியம் நல்லாத்தானே பேசினே?" என்றான் இளஞ்செழியன். அவன் குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. "நீங்க நெல்லப் பாருங்க, நானும் பாப்பாவும் மட்டும் போயிட்டு வர்றோம், நீங்க உடம்பக் கெடுத்துக்காதீங்கன்னு சொன்னே. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. அந்தப் பேச்சுல நாலு வார்த்தை இப்பவும் பேசக் கூடாதா?"

மதியம் போன் என்னிடம் இல்லை என்று பிரகதீஸ்வரி சொல்ல நினைத்தாள். பூட்டிய வீட்டுக்குள் கிடந்தது என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்து, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

பகலில் போன் கிடந்த இடத்துக்குப் போனாள். படுக்கையறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. வயல் பக்கமிருந்து வரும் ஊறின வைக்கோலின் புளித்த நெடி வீடு முழுவதும் நிறைந்திருந்தும் இந்த அறைக்குள் மட்டும் வரவில்லை. இங்கே வேறொரு வாசனை இருந்தது. தேங்காயெண்ணெய், பவுடர், வியர்வை, கழுத்தோரம் காய்ந்த மல்லிகை எல்லாம் கலந்து, ஒரு பொம்பளை வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்துபோன மாதிரி. கட்டில் விரிப்பில் ஒருவர் உட்கார்ந்த குழி இருந்தது. யாருடைய வாசனை என்று யோசித்துக்கொண்டே நின்றாள். அடுத்த வீட்டு அம்சம் வந்திருப்பாளா? அவள் பவுடர் போடமாட்டாள். பிறகு தன் முந்தானையை எடுத்து முகர்ந்தாள்.

அவளுடையதுதான்.

பீரோவுக்குப் பின்னால் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டபடியே இருந்தது. தூக்கமில்லாமல் அலைந்தால் இப்படித்தான், புத்தி தடுமாறும், தானே கூப்பிட்டுவிட்டுத் தானே மறந்திருப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மதியம் வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்றது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

இரவுச் சாப்பாட்டின்போது கவியிடம் அன்பாகப் பேச முயன்றாள். தங்கம் என்று கூப்பிட்டாள். வார்த்தை வாயில் ஒட்டாமல் வந்தது. கவி தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ அப்படிக் கூப்பிடாத. அது அம்மா கூப்பிடுறது" என்றாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கப் பிரகதீஸ்வரிக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த நாள் மழை விடவேயில்லை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். பொழுது சாயும் முன்பே இருட்டிவிட்டது. வாய்க்கால் நிரம்பி ஓடும் சத்தமும், தவளைகள் விடாமல் கத்துவதும், ஓட்டுச் சரிவிலிருந்து வாசல் சிமென்ட்டில் தண்ணீர் ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டேயிருப்பதும் ஒன்றாகக் கலந்து காதுக்குள் அடைத்துக்கொண்டன. விளக்கு வைக்கிற நேரத்தில் மின்சாரமும் போனது. கவிக்கு எமர்ஜென்சி விளக்கைப் போட்டுக் கொடுத்து, படுக்கையறையில் உட்கார்ந்து படி என்று அனுப்பிவிட்டு, சமையலறையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நின்றாள். போன் அவள் கையிலேயே இருந்தது. காலையிலிருந்து அதைக் கீழே வைக்கவில்லை. குளிக்கும்போதுகூட உடன் எடுத்துப்போனாள்.

ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். வேண்டாம். கடலும் வேண்டாம், பறவையும் வேண்டாம். அறையை ரத்து செய்துவிட்டால் எல்லாம் தானே அடங்கிவிடும். ராஜாத்தியைக் கூப்பிட்டாள்.

மணி வெகுநேரம் அடித்தது. ராஜாத்தி எடுத்தாள். பின்னால் கடல் இரைந்தது. பெரிய பாறையை யாரோ மணலில் இழுத்துப் போவதுபோன்ற இரைச்சல். நாங்கள் வரவில்லை, அறையை விட்டுவிடுங்கள் என்று பிரகதீஸ்வரி சொன்னாள்.

"நீங்க யாரு பேசுறது?" என்றாள் ராஜாத்தி.

பிரகதீஸ்வரி பெயரைச் சொன்னாள். அம்மாப்பேட்டை என்றாள். நேற்று முன்தினம் பேசினேனே என்றாள். குரல் தானாக உயர்ந்தது.

ராஜாத்தி தயங்கித் தயங்கிப் பேசினாள். "கோவிச்சுக்காதீங்க. அந்தம்மா முன்னாடியே சொல்லிட்டாங்க. எங்க வீட்டுல இன்னொருத்தி இருக்கா, என் பேரச் சொல்லிக்கிட்டு கூப்பிடுவா, கோவமா பேசுவா, வரலன்னு சொல்லுவா, அவ பேச்சக் கேக்காதீங்கன்னு. பாவம், ரொம்பப் பயந்து போயிருந்தாங்க. பச்சப் புள்ளைய அடிக்கிறாளாமே. அதான் புள்ளையத் தூக்கிக்கிட்டு இங்க வந்துடுறேன்னு சொன்னாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"இப்பத்தான். நீங்க கூப்பிட்டப்ப அவங்க லைன்லதான் இருந்தாங்க. அத வச்சிட்டுத்தான் உங்கள எடுத்தேன்."

இணைப்பு அறுந்தது.

பிரகதீஸ்வரி போனைப் பார்த்தாள். அது அவள் உள்ளங்கையில், காலையிலிருந்து பிடித்த பிடியில், வியர்த்துப்போயிருந்தது. மெழுகுவத்திச் சுடர் படுக்கையறைப் பக்கமாகச் சாய்ந்து எரிந்தது. மழை கொஞ்சம் ஓய்ந்தாற்போல இருந்தது. சொட்டுச் சத்தம் தனியாகக் கேட்டது. தவளைகள் நின்றுவிட்டன.

அப்போது கேட்டது.

படுக்கையறையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். தாழ்ந்த குரல். அவசரமில்லாத குரல். காலையில் முதல் பஸ் என்றது. ஜன்னல் ஓரம் உனக்குத்தான் என்றது. அந்தப் பறவையெல்லாம் ஒரே காலில் நிற்கும், நாம் பக்கத்தில் போனால் மொத்தமாக எழும்பிப் பறக்கும், வானமே சிவந்துபோகும் தங்கம் என்றது. கவி சிரித்தாள். பிரகதீஸ்வரி கேட்டுப் பல மாதமான சிரிப்பு.

அந்தக் குரலைப் பதிவு செய்து போட்டுக் காட்டினால் இளஞ்செழியன் ஒரு நொடியில் சொல்லிவிடுவான். பள்ளியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவளுடைய குரல். அவள் இப்படிப் பேச வேண்டும் என்று தினமும் காலையில் நினைத்துக்கொண்டு, சாயங்காலத்துக்குள் பேச முடியாமல் போகிற குரல்.

மெழுகுவத்தியைச் சமையலறையிலேயே விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

நடந்தாள். கூடம் இருட்டு. சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். காலடியில் கவி வரைந்த தாள் ஒன்று மிதிபட்டுச் சரசரத்தது. அறைக்குள் பேச்சு நின்றது.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே எமர்ஜென்சி விளக்கின் வெளுத்த வெளிச்சம். கவி கட்டிலின் விளிம்பில், கதவைப் பார்த்து, கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் போகும்போது போடலாமென்று எடுத்துவைத்த பாவாடை சட்டையைப் போட்டிருந்தாள். பின்னால் யாரோ உட்கார்ந்து அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார்கள். முகம் வெளிச்சத்துக்கு மேலே, இருட்டில் இருந்தது. கைகள் மட்டும் தெரிந்தன. நிதானமான கைகள். பிரகதீஸ்வரி தன் கைகளைப் பார்த்தாள். மறுபடி அந்தக் கைகளைப் பார்த்தாள்.

கவி நிமிர்ந்தாள். வாசலில் நின்றவளைப் பார்த்தாள்.

சிரிப்பு போய்விட்டது. முகம் வெளுத்தது. கால்களைச் சட்டென்று மேலே இழுத்துக்கொண்டு, பின்னால் இருந்த மடியோடு ஒட்டிக்கொண்டாள்.

"அம்மா," என்றாள் கவி, திரும்பாமலே, பின்னால் இருந்தவளிடம். "அவ வந்துட்டாம்மா."

சடை பின்னிய கைகள் நின்றன. வலது கை மெல்ல மேலே வந்து, கவி பிரகதீஸ்வரியைப் பார்க்காதபடி, அவள் கண்களைப் பொத்தியது.