லிட்டருக்குப் பதினாறு

போன் அலறியது.

அவள் எடுக்கவில்லை. அடங்கி, மறுபடியும் அலறியபோதுதான் எடுத்தாள்.

"மேடம்... போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து பேசறோம். உங்க கணவர் பழைய கல் குவாரில... பள்ளத்துல விழுந்து கிடக்கார்."

"அடி பலமா?"

"உயிர் இல்ல மேடம்..."

"சரி" என்றாள்.

போனை வைத்தாள். பொங்கிய பாலை இறக்கினாள். அடுப்பை அணைத்தாள். இப்போது அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

வரவில்லை!

மறுநாள் காலை. ஸ்டேஷன்.

எதிரே பெண் இன்ஸ்பெக்டர். மேஜையில் ஒரு காபி, ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அவளுக்காக வாங்கி வைத்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"விழுந்து சாகலைம்மா. பின் மண்டையில யாரோ இரும்பால போட்டுட்டு, அப்புறம் தள்ளி விட்டிருக்காங்க. உங்க கணவருக்கு என்ன வேலை?"

"கார் பத்திரிகையில எழுதறார். ஜீப், பிக்அப் வண்டியெல்லாம் ஓட்டிப் பார்த்து, நிஜத்துல எவ்வளவு மைலேஜ் குடுக்குதுன்னு எழுதுவார்."

"நிஜத்துலன்னா?"

"கம்பெனி சொல்றது ஒண்ணு இருக்குமில்ல... அது இல்ல."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"குவாரிக்கு அடிக்கடி போவாரா?"

"இல்ல. அன்னிக்குத்தான் முதல் தடவை. மலைப்பாதை டெஸ்ட்டுக்குன்னு புதுசா பிடிச்ச இடம்."

"கேட்டுக்கங்க. உங்க தம்பியை அரெஸ்ட் பண்ணியிருக்கோம்!"

அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான்! கல்லுக்குக்கூட இதைவிடக் கொஞ்சம் முகம் மாறியிருக்கும்.

"முந்தின நாள் சாயங்காலம் உங்க வீட்டு வாசல்ல ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. தெருவே வேடிக்கை பார்த்திருக்கு!"

"டெஸ்ட் பிக்அப்பைக் கேட்டான். அவர் தரமாட்டேன்னுட்டார். காலையில சொல்லாம கொள்ளாம சாவியை எடுத்துட்டுக் கிளம்பிட்டான்."

"அப்புறம்?"

"இவர் கம்பெனிக்கு போன் பண்ணி வேற வண்டி கேட்டார். வருதாம்னு சொல்லிட்டு ரோட்டு முனைக்கு நடந்து போனார். நான் டிபன் டப்பாவைக் குடுக்க மறந்துட்டேன்."

லாக்கப் கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் உடைந்தது.

"அக்கா! நான் ஹைவேல டவுனுக்குத்தான்கா போனேன்! ஒரு பொண்ணு வர்றேன்னா... வரலைக்கா! மாமாவை நான் பார்க்கவே இல்ல!"

"அந்தப் பொண்ணு வந்திருந்தா உனக்கு சாட்சி இருந்திருக்கும்டா!" என்றாள் இன்ஸ்பெக்டர். "டவுன் ஒரு பக்கம், குவாரி எதிர்ப்பக்கம். ரெண்டும் ஒரே தூரம். கிலோமீட்டரை வெச்சு ஒண்ணும் பிடிக்க முடியல. அதான், கம்பெனிக்காரரையே வரச் சொன்னேன்."

கதவு திறந்தது.

நீளமான டை. அதைவிட நீளமான சிரிப்பு. பிக்அப் கம்பெனியின் விற்பனை மேனேஜர். ஷோரூமில் எல்லோரும் அவரை 'மைலேஜ் மன்னன்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் பெருமைதான்!

"சிஸ்டர்... ரொம்ப வருத்தமா இருக்கு."

"இறந்தவர் உங்களுக்குப் பழக்கமா?" இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டாள்.

"போன்ல பேசியிருக்கேன். நேர்ல பார்த்ததே இல்ல மேடம். அன்னிக்கு வேற வண்டி கேட்டார். கையில இல்லைன்னு சொல்லிட்டேன்."

"சரி, விஷயத்துக்கு வாங்க. டீசல் என்ன சொல்லுது?"

"டீசல் பொய் சொல்லாது மேடம்! முந்தின நாள் டேங்க் ஃபுல். பையன் திரும்பி வந்தப்புறம் உங்க ஆளுங்க நிரப்பிப் பார்த்திருக்காங்க. எங்க வண்டி லிட்டருக்குப் பதினாறு குடுக்கும். ஹைவேன்னா இன்னும் கூட! ஆனா இந்தக் கணக்குப்படி பாதிதான் குடுத்திருக்கு. அப்படின்னா..."

"அப்படின்னா?"

"கல்லுலயும் மேட்டுலயும் நாலு சக்கரமும் இழுக்கற கியர்ல போட்டு உருட்டியிருக்கான்! அதாவது குவாரி!"

லாக்கப்பில் விசும்பல் கேட்டது.

அவள் முதல் தடவையாக நிமிர்ந்தாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"அந்த வண்டியை ஹைவேல ஓட்டிப் பார்க்கலாமா?"

மேனேஜரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது.

"அதெல்லாம் எதுக்கு சிஸ்டர்... கம்பெனி பேப்பர்லயே போட்டிருக்கே!"

"ஓட்டறது அவர். டேங்க்கை நிரப்பறது நான். எப்பவும் அப்படித்தான். கழுத்து வரைக்கும் நிரப்பி ஓட்டிட்டு வந்து, மறுபடியும் கழுத்து வரைக்கும் நிரப்பணும். எவ்வளவு பிடிக்குதோ, அதான் வண்டி குடிச்சது. இருக்கறது ஒரே தம்பி மேடம். அவனையும் விட்டுட்டு நான் எந்த வீட்டுக்குப் போறது?"

அழுதுகொண்டு கேட்டிருந்தால் இன்ஸ்பெக்டர் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பாள். அவள் அழாமல் கேட்டாள்.

"ஏட்டய்யா! வண்டியை எடுங்க!"

பங்க்கில் அவளே நின்று டேங்க்கை நிரப்பினாள்.

ஹைவே. ஏட்டு ஓட்டினார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர். பின் சீட்டில் மேனேஜரும் அவளும். மொத்தை மொத்தையான டயர்கள் தார் ரோட்டில் ஓயாமல் முனகின. கூரை மேல் விளக்குகளின் இரும்புச் சட்டத்தில் காற்று மோதி ஊளையிட்டது.

"ஏ.சி.யை அணைங்க சார்!" என்றார் மேனேஜர்.

"பையன் அணைச்சிருப்பானா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"வேகத்தைக் குறைங்க சார்! பிரேக்கை மிதிக்காதீங்க சார்!"

"எதிர்ல லாரி வருதுய்யா!"

டவுன் எல்லையைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்கள். அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தாள். எதுவும் மனதில் பதியவில்லை. துக்கம் எங்கேயோ பக்கத்து அறையில் உட்கார்ந்து காத்திருப்பது போல இருந்தது.

அதே பங்க். அதே குழாய்.

'டக்'கென்று குழாய் நின்றது. நுரை அடங்கும்வரை காத்திருந்தாள். மறுபடியும் அழுத்தினாள். டீசல் கழுத்தில் வந்து நின்றது.

ஏட்டு மீட்டரைப் பார்த்தார். போனில் கணக்குப் போட்டார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டார்.

"மேடம்... எட்டு!"

"பையன் ஓட்டினப்ப?"

"அதே எட்டுதான் மேடம்!"

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினாள்.

"பையன் சொன்னது நிஜம். அவன் ஹைவேலதான் போயிருக்கான். உங்க பதினாறுதான் பொய்!"

மைலேஜ் மன்னனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது! கொலைக் கேஸ் மறந்துவிட்டது. யாரோ ஒரு வாடிக்கையாளர் வண்டியைக் குறை சொல்வதாகவே தோன்றிவிட்டது!

"எட்டுன்னா கேவலமா மேடம்? டயர் எவ்வளவு பெரிசு, பாருங்க! கூரை மேல எவ்வளவு இரும்பு! இது எட்டு குடுக்கறதே பெரிய விஷயம்! ஓட்டத் தெரியாதவங்க கையில குடுத்தா வண்டி என்ன பண்ணும்? அவர் குவாரில டயர் காத்தைப் பாதி இறக்கிட்டு, முதல் கியர்லயே மேடு ஏத்தி, நாலுதான் வருதுன்னார்! அதெல்லாம் ஒரு டெஸ்ட்டா மேடம்? அப்பவே நான் அவர்கிட்ட..."

நின்றது.

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்பவே... நீங்க அவர்கிட்ட?" இன்ஸ்பெக்டர் கனிவாகக் கேட்டாள். அவள் கனிவாகக் கேட்டால் ஏட்டு விலங்கை எடுத்துவிடுவார். எடுத்தார்.

"போ... போன்ல சொன்னார்..."

"அவர் குவாரிக்குப் போனதே அன்னிக்குத்தான். போனவர் உயிரோட திரும்பலை. காத்து இறக்கினதை எங்க நின்னு பார்த்தீங்க சார்?"

மேனேஜர் டையைப் பிடித்து இழுத்துத் தளர்த்தினார்.

"எழுதாதீங்கன்னு கெஞ்சறதுக்குத்தான் மேடம் நானே இன்னொரு வண்டியைக் கொண்டுபோனேன்! நாலுன்னு எழுதினா ஒரு வண்டி விக்காது... என் வேலை போயிடும்... கேட்கவே இல்ல. 'ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன், நாலுதான்'னு சிரிச்சார். என் கையில வீல் ஸ்பேனர் இருந்துச்சு..."

அவள் கேட்டுக்கொண்டே டேங்க் மூடியைத் திருகினாள். அது ஏற்கெனவே இறுகியிருந்தது. மறுபடியும் திருகினாள்.

ஸ்டேஷன் வாசலில் தம்பி ஓடி வந்து கட்டிக்கொண்டான்.

"நான் வண்டியை எடுக்காம இருந்திருந்தா மாமா இந்த ஆள்கூடப் போயிருக்கவே மாட்டார்க்கா!"

"ஆமாடா" என்றாள். அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

"அழுதுடுக்கா... இப்படி இருக்காதேக்கா!"

"வரலைடா. வந்தா அழுவேன்."

விலங்கோடு மேனேஜர் கடந்து போனார். டை கோணியிருந்தது. உள்ளே நுழையும் முன் திரும்பிக் கேட்டார்.

"மேடம்... எனக்கு எத்தனை வருஷம் கிடைக்கும்?"

இன்ஸ்பெக்டர் வாயைத் திறப்பதற்குள் அவள் பதில் சொன்னாள். அதே ஏற்ற இறக்கம் இல்லாத குரலில்.

"புத்தகத்துல ஆயுள் தண்டனைன்னு போட்டிருக்கு சார்... நிஜத்துல எவ்வளவு குடுக்குதுன்னு நீங்க ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்லுங்க!"