ஒரே இரவில் இரண்டு அந்தி

மெந்தி மிளகுக் கொடிகளுக்கு உரம் வைத்துக்கொண்டிருந்தபோது படித்துறையில் படகு வந்து நின்றது. இறங்கியவள், ஊரே ஒரே கூரையின் கீழ் குடியிருக்கும் மேலாற்று நீள்வீட்டின் புதுப்பெண் லூலோங். கல்யாண வளையல் கையில் இருந்தது, கல்யாணக் களை முகத்தில் இல்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"அத்தை, இன்னைக்குச் சாயங்காலம் என்னையும் கலாங்கையும் பிரிச்சு வைக்கப் போறாங்க. ராத்திரி கேளையாடு குரைச்சிடுச்சு."

நாய் மாதிரிக் குரைக்கும் அந்தச் சின்ன மான், கல்யாணமான புதிதில் வீட்டருகே குரைத்தால் தம்பதி சேர்ந்து வாழக்கூடாது. மீறினால் இருவரில் ஒருவர் போய்விடுவார். இதைக் கேட்டுச் சிரிக்கிற நம் இபான் இனத்து ஆட்கள் பட்டணத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மகள் கல்யாணத்தன்று அவர்களும் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள், எனக்குத் தெரியாதா!

மெந்தி போலீசில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவள். அதற்காக அவளைவிட அதிகம் வருத்தப்பட்டது அவள் புருஷன் உம்பார்தான். வழக்கு என்றால் அந்த மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பேச்சுக் குரல் கேட்டதுமே சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"மாப்பிள்ளை என்னம்மா சொல்றான்?" என்று கேட்டாள் மெந்தி.

"உன்னை இழக்கறதைவிட உன்னைப் பிரியறது மேல்னு சொல்லிட்டு, படித்துறையில உக்காந்து அழுதுட்டிருக்கார். இன்னைக்குத்தான் கீழாத்துக்கு அவர் வீட்டுக்குப் போறதா இருந்தோம். மூட்டை எல்லாம் படகுலயே கெடக்கு."

மெந்தி கையைக் கழுவினாள். "நிஜக் கேளையாடுன்னா நானே பிரிச்சு வைக்கத்தான் சொல்வேன், கண்ணு. எனக்கும் பயம் உண்டு. குரைச்சது என்னன்னு முதல்ல பாப்போம், வா."

படகில் போகும்போதே உம்பார் ஆரம்பித்துவிட்டார். "ராத்திரியில குரைக்கிறதுன்னா ஒண்ணா ரெண்டா? தவளையில ஒண்ணு குரைக்கும். ஆந்தையில ஒண்ணு குரைக்கும். இது தவளைதான், எழுதி வெச்சுக்கோ!"

"எழுத மாட்டேன். தப்பாப் போனா நீ வருத்தப்படுவே."

மேலாற்று நீள்வீட்டில் மெந்தி வாசல் வாசலாகப் போய் ஒரே ஒரு வேலைதான் சொன்னாள். "ராத்திரி கேட்டதை அப்படியே குரைச்சுக் காட்டுங்க." பெரிய மனிதர்கள் எல்லாம் வெட்கப்பட்டு, பிறகு கழுத்தை நீட்டிக் குரைத்தார்கள். உம்பாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் எல்லோரும் குரைத்தது ஒரே மாதிரி இருந்தது. கரகரப்பான ஒற்றைக் குரைப்பு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒன்று.

"தவளைன்னா நிறுத்தாது. ஆந்தைன்னா இடம் மாறும். இது கேளையாடேதான்," என்றாள் மெந்தி.

லூலோங்கின் முகம் விழுந்துவிட்டது. கதை சொல்லும் எனக்கே பாவமாக இருக்கிறது.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள் மெந்தி.

"அப்புறம் எங்கேர்ந்து கேக்கறது?" என்றார் நீள்வீட்டுத் தலைவர். "லங்கி சேகண்டியை எடுத்து அடிச்சான் பாருங்க, காது கிழிஞ்சு போச்சு. பெத்தவனாச்சே, பதறாதா? ரெண்டாவது குரைப்பு முடிஞ்சு ஒரு கொட்டாவி விடறதுக்குள்ள அடிச்சுட்டான். அவன் மட்டும் இல்லேன்னா இன்னும் எத்தனை குரைப்பைக் கேட்டுத் தொலைச்சிருப்போமோ!"

கெட்ட சகுனம் மேலும் காதில் விழாமல் இருக்கச் சேகண்டி அடிப்பது நம் வழக்கம். லங்கி, லூலோங்கின் அப்பா. மனைவி இறந்தபின் மகளைத் தனியாக வளர்த்தவர். அவர் தன் வாசலில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

சத்தம் வந்தது படித்துறைப் பக்கமிருந்து. மழையில் நனைந்த கரைமண் களிபோலக் கிடந்தது. உம்பார் முட்டி போட்டுத் தேடிவிட்டுச் சேறும் சகதியுமாக எழுந்தார். "கோழிக் கால் இருக்கு, நாய்க் கால் இருக்கு, மனுஷக் கால் இருக்கு. மான் குளம்பு ஒண்ணுகூட இல்ல!"

அங்கே படகுக்காரர் ஜந்தாய் தன் படகிலேயே படுத்திருந்தார். குடித்தால் வீட்டுக்குள் விடமாட்டாள் அவர் மனைவி. அதனால் பெரும்பாலும் படகில்தான் வாசம்.

"ராத்திரி என்ன கேட்டுச்சு, ஜந்தாய்?"

"எல்லாந்தான் கேட்டுச்சு. ஆனா இந்த வீட்டுக் கடிகாரத்துக்கு என்னவோ கோளாறு. அர்த்த ராத்திரின்னு எல்லாரும் சொல்றாங்க. அந்திச் சிள்வண்டு இழுத்து இழுத்துக் கத்திட்டிருந்துச்சே! சரி, இன்னும் பொழுது சாயலைன்னு நான் இன்னொரு கோப்பை ஊத்திக்கிட்டேன்."

"மச்சான், உனக்கு ஒரே ராத்திரியில ரெண்டு அந்தியா?" உம்பார் விழுந்து விழுந்து சிரித்தார். மெந்தி சிரிக்கவில்லை. ஜந்தாய்க்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் வரைக்கும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

லூலோங்கைப் பெண் கேட்டு ஏமாந்த லிகாம் என்பவன் அதே வீட்டில் இருந்தான். பட்டணத்தில் நல்ல விலைபோகும் கூடுகளுக்காகக் குருவி வளர்க்கும் வீடுகளில், குருவிகளை ஈர்க்கக் குருவிச் சத்தம் போடும் ஒலிபெருக்கிகளை மாட்டுவது அவன் தொழில். இது தெரிந்ததும் உம்பார் குதித்தார். "ஆள் கிடைச்சாச்சு!"

லிகாம் கோபப்படவில்லை. "என்கிட்ட இருந்த ஒரே சின்ன ஸ்பீக்கர் பெட்டியை லங்கி மாமா வாங்கிட்டுப் போயிட்டாரே. கல்யாணத்துக்குப் பாட்டுப் போடணும்னு கேட்டாரு, இன்னும் திருப்பித் தரல."

மெந்தி தலையாட்டினாள். பிறகு உம்பாரைப் பார்த்து, "மேல்தளத்துக்குப் போய் அந்தச் சேகண்டியை எடுத்துட்டு வா," என்றாள். கல்யாணம் முடிந்ததும் சேகண்டிகளைத் துடைத்து, துணி சுற்றி, மேல்தளத்தில் கட்டி வைத்துவிடுவார்கள். நேற்று அடித்ததையும் திரும்ப அங்கேயே கட்டியிருந்தார்கள். உம்பார் ஏணி தேடினார், ஏறினார், முடிச்சை அவிழ்க்க முடியாமல் திட்டினார், தும்மினார். அவர் இறங்கி வருவதற்குள் லூலோங் ஒரு பானைச் சோறு வடித்துவிட்டாள்.

சாயங்காலம் பொதுக்கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். திருப்பிக் கொடுக்கவேண்டிய சீர் ஒரு பக்கம் அடுக்கியிருந்தது. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் மெந்தி. "பொழுது சாயட்டும்."

வெளிச்சம் மங்கியது. காட்டு விளிம்பில் சிள்வண்டு ரம்பம் இழுப்பதுபோல ஆரம்பித்தது. தெளிந்திருந்த ஜந்தாய் துள்ளி எழுந்தார். "இதேதான்! ராத்திரி கேளையாட்டோட சேர்ந்து கேட்டது இதேதான்!"

மெந்தி எழுந்து நின்றாள். "இந்த வண்டு அந்தியில மட்டும் கத்தும். இந்தச் சத்தம் கேட்டுத்தான நம்ம வீட்டுல உலை வைக்கிறோம்? அர்த்த ராத்திரியில இது கத்தி யாராவது கேட்டிருக்கீங்களா?"

ஒவ்வொரு தலையாக இல்லை என்று ஆடியது. மெந்தி தொடர்ந்தாள்.

"குரைச்சது நிஜக் கேளையாடு. ஆனா குரைச்சது நேத்து ராத்திரி இல்ல, என்னைக்கோ ஒரு அந்தியில. யாரோ அதைப் போன்ல பதிஞ்சு வெச்சிருந்திருக்காங்க. கூடவே வண்டும் பதிஞ்சிருச்சு. அதை நேத்து படித்துறையில ஒரு ஸ்பீக்கர் பெட்டியை ஒளிச்சு வெச்சுப் போட்டிருக்காங்க. அதனாலதான் சேத்துல குளம்படி இல்ல."

"அப்ப எங்க காதுல வண்டு ஏன் விழல?" என்றார் தலைவர்.

"சேகண்டி! நீங்க எல்லாரும் அது கேளையாட்டை அடக்க அடிச்சதுன்னு நெனச்சீங்க. அது ரெண்டு குரைப்புக்கு அப்புறம் கத்த ஆரம்பிக்கிற வண்டை அடக்க அடிச்சது. பெட்டிக்குப் பக்கத்துலயே படுத்திருந்த ஜந்தாய் காதுல மட்டும் வண்டு விழுந்திருச்சு. மேல்தளத்துலேர்ந்து அதை இறக்க உம்பாருக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பாத்தீங்கல்ல? நேத்து கொட்டாவி விடற நேரத்துல அடிச்சிருக்கு. அப்ப அது முன்கூட்டியே இறங்கி வந்து கையோரமா காத்துட்டிருந்திருக்கு. யாருன்னு நான் சொல்ல மாட்டேன். அவரே சொன்னா நல்லது."

லங்கி எழுந்து நின்றார். "நான்தான். பொண்ணு மனசு உடையட்டும்னு செய்யல. பிரிச்சு வெச்சா கொஞ்ச நாளைக்கு இங்கயே இருப்பாளேன்னு... இவ போயிட்டா நான் யாரோட உக்காந்து சாப்பிடுவேன்?"

கூடம் கொதித்தது. பொய்ச் சகுனம் காட்டிய குற்றத்துக்கு ஒரு பன்றி அபராதம் என்றார் தலைவர், வீட்டைச் சுத்தம் செய்யும் பூஜைச் செலவும் லங்கி தலையில்தான் என்றார். லங்கி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் பார்த்தது மகளை மட்டும்தான்.

லூலோங் அவர் முன்னால் வந்து நின்றாள். அவள் கோபம் சாதாரணக் கோபம் இல்லை.

"எங்கிட்ட வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! ராத்திரி பூரா செத்துப் பொழைச்சேன். ஒரு மாசத்துக்கு உங்களோட பேச மாட்டேன்."

"சரிம்மா."

"கீழாத்துல, என் கண்ணு முன்னாடி உக்காந்து பேசாம இருங்க. போய் மூட்டையைக் கட்டுங்க."

லங்கிக்குப் புரியவில்லை. "மாப்பிள்ளை வீட்டுல மாமனார் போய் ஒட்டிக்கிறதா? ஊரு சிரிக்காதா? மிளகுத் தோட்டம் என்ன ஆகும்?"

"தோட்டத்தை நான் பாத்துக்கறேன்," என்றான் லிகாம்.

கலாங் சீர்ப் பொருள்களைத் திரும்பப் படகில் ஏற்றத் தூக்கிக்கொண்டிருந்தான். "ஊரு சிரிச்சா சிரிக்கட்டும், மாமா. எங்க வீட்டுக் கூரை மூணு இடத்துல ஒழுகுது. எனக்கு ஓலை கட்டத் தெரியாது, இவளுக்கும் தெரியாது. நீங்க வரலேன்னா நாங்க நனைஞ்சுக்கிட்டுதான் சாப்பிடணும்."

லங்கி உள்ளே போனார். கூடத்தில் எல்லோரும் அவர் வாசலைப் பார்த்துக் கழுத்தை நீட்டினார்கள், உம்பார்கூட. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே தகரப் பெட்டியைத் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது.