பேர் சொல்லக் கூடாத மலை

பூவரசனுடைய கூவலுக்கு மேலே இன்னொரு கூவல் கேட்டது.

ராமக்காள் சருகு வாரும் கோலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். தொப்பூர் கணவாயில் லாரிகள் மூச்சிரைத்துக்கொண்டு ஏறும் சத்தம் எங்கோ அடிவாரத்தில் கேட்டபடி இருந்தது. இடதுகைப் பக்கம், சரிவுக்கு அந்தப்புறம், உண்ணிப்புதர்கள் படபடவென்று பொரிந்தன. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் புகைக்குள் சூரியன் துலக்காத பித்தளைத் தட்டு மாதிரி மங்கி, கண் கூசாமல் பார்க்கிற அளவுக்கு இறங்கிப் போயிருந்தது.

தீக்கோடு போடுகிறவர்களுக்கு ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்துக்கொள்ள வாய்க்காது. மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்குப் புல்லையும் சருகையும் வாரித் தள்ளி, வெறும் மண்ணைக் காட்டிவிட வேண்டும். தீ அந்த மண்வரைக்கும் வந்து, தின்ன ஒன்றும் இல்லாமல் படுத்துக்கொள்ளும். ஆளுக்கு ஒரு துண்டு. இடையில் புதரும் புகையும். அதனால்தான் கூவல். அடியில் நிற்கிற மேஸ்திரி சவுரியப்பன் முதலில் ஒரு ‘கூ’ விடுவார். அடுத்த துண்டிலிருந்து சோபனா. அதற்கு மேலே ராமக்காள். உச்சியில் அவள் புருஷன் பூவரசன். அவனோடு முடிந்தது. அவனுக்கு மேலே ஒரு யானைமுதுகுப் பாறை. பாறைக்கு அப்பால் நேற்றே எரிந்து கருகிப்போன சரிவு. அங்கே எறும்புகூட இருக்காது.

அங்கிருந்துதான் அந்தக் கூவல் வந்தது.

மலை வேலைக்கு இரண்டே கட்டுப்பாடு. ஒன்று, கூவல் காதில் விழுந்தால் பதில் கூவ வேண்டும். எல்லாக் குரலும் வரிசையாக வந்துவிட்டால் யாரும் விட்டுப்போகவில்லை என்று மேஸ்திரி இறங்குவார். ஒரு குரல் குறைந்தாலும் மலையைவிட்டு இறங்கக் கூடாது; தேடிக்கொண்டு போக வேண்டும். இரண்டாவது, யார் பேரையும் சொல்லிக் கூப்பிடக் கூடாது. வெறும் ‘கூ’தான். ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி, மலையேறும்போது பேரைக் கீழே விட்டுவிட்டுப் போவார்கள்.

ராமக்காளுக்கு வாய்ப்பழக்கம். யோசிக்கும் முன்னாலேயே அந்தக் கூவலுக்குப் பதில் கூவிவிட்டாள்.

கூவிய பிறகுதான் முதுகுத்தண்டில் ஈரத்துணி பட்டது மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சோபனா தண்ணீர்க் கேனோடு மூச்சுவாங்க ஏறி வந்தாள். சின்ன வயசுக்காரி. இந்த வருஷம்தான் வேலைக்கு வந்திருக்கிறாள். முகமெல்லாம் கரி.

“இந்தாக்கா, குடி. என்னா இப்புடி பேயறைஞ்ச மாதிரி நிக்கற?”

“மேல, பாறைக்கு அந்தாண்ட யாராச்சும் ஏறினாங்களா புள்ள?”

“அங்க எவன் போவான்? கால வச்சா கறியா வெந்துரும்.”

“கூவுனாங்களே.”

“பாறையில பட்டுத் திரும்பியிருக்கும்க்கா. உன் வூட்டுக்காரரு கூவுனா மலையே ரெண்டு தடவ கூவுது. அப்புடி ஒரு தொண்ட.” சோபனா சிரித்தாள். “ஆமா, அவரு பேரு என்னாக்கா? இன்னிக்காச்சும் சொல்லேன்.”

“போடி.”

“நானு எங்க வூட்டுக்காரர ‘டேய் ரஞ்சித்து’ன்னுதான் கூப்புடறன். என்ன குடி முழுகிப்போச்சு? நீ என்னடான்னா பூவரச மரத்தக்கூட பீப்பி மரம்ங்கற.”

ராமக்காளுக்கும் சிரிப்பு வந்தது. உண்மைதான். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் வாயால் அந்தப் பேர் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வாள். வீட்டில் ‘இந்தாங்க’, வெளியில் ‘எங்க வூட்ல’. அவனுக்கு இது தீராத குறை. சோற்றில் கைவைக்கும்போது, படுக்கப் போகும்போது, ஏதாவது ஒரு சாக்கில் கிண்டுவான். “ஒரே ஒருக்கா என் பேரச் சொல்லிக் கூப்புடு புள்ள. எந்த மூலையில இருந்தாலும் ஓடியாறன்.” இவள் தலையில் குட்டி, “அந்த ஓட்டத்த மாட்டுக்குத் தண்ணி காட்டறதுல காட்டுங்க” என்பாள்.

தீ என்றால் அவனுக்குக் கண்மண் தெரியாது. எப்போதும் மேல்முனையைக் கேட்டு வாங்கிக்கொள்வான். போன வருஷம் புருவம் பொசுங்க வந்து நின்றான். அன்றிலிருந்து அவளும் கூலிக்கு வருகிறாள். “அவரு கொரலு காதுல வுழற தூரத்துலதான் நிப்பன். இல்லன்னா அவரயும் அனுப்பமாட்டன்” என்று மேஸ்திரியிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் வந்தாள். காலையில் ஆளாக ஏறுகிறவனைச் சாயங்காலம் ஆளாக இறக்கிக் கூட்டிப்போக வேண்டும். அவளுடைய வேலை அவ்வளவுதான். மற்றதெல்லாம் கூலிக்குச் செய்வது.

சோபனா இறங்கிப் போனாள். அவள் காலடியில் சருகு நொறுங்கும் சத்தம் தேய்ந்து அடங்கியது.

அப்போது காற்று நின்றது.

முதலில் அவளுக்கு என்ன மாறிப்போயிற்று என்று பிடிபடவில்லை. விழுந்துகொண்டிருந்த சாம்பல் அப்படியே அந்தரத்தில் தயங்கியது. ஒரு கவுதாரி தீக்கோட்டைக் குறுக்கே தாண்டி ஓடியது, பறக்க மறந்த மாதிரி. அப்புறம் பிடரியில் சூடு பட்டது. இத்தனை நேரம் முகத்தில் அடித்த காற்று இப்போது முதுகில் அடித்தது. கீழே பள்ளத்தில் மூங்கில் ஒன்று வெடி வெடித்தது மாதிரி தெறித்தது. தீ சுற்றிக்கொண்டு வருகிறது.

“கூ...”

சவுரியப்பனின் நீளக் கூவல். இறங்கச் சொல்கிறார். சோபனா கூவினாள். ராமக்காள் கூவினாள். காதை மேலே வைத்துக்கொண்டு நின்றாள்.

பூவரசன் கூவினான். கடைசியில் லேசாக உடையும் அதே குரல். ஆயிரம் பேரில் அவளுக்குத் தெரியும்.

ஆனால் அது பாறைக்கு அப்பாலிருந்து வந்தது.

அவள் கோலைப் போட்டுவிட்டு மேலே ஏறினாள். அவனுடைய துண்டு பாதிதான் வாரியிருந்தது. அவன் கோல் மண்ணில் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். பிடி இன்னும் வியர்வையில் ஈரமாக இருந்தது. பக்கத்தில் தூக்குவாளி மூடியோடு அப்படியே இருந்தது. ஆளைக் காணோம். தலையில் கட்டியிருந்த பச்சைத் துண்டையும் காணோம்.

“கூ...”

பாறைக்கு இடப்புறம்.

“கூ...”

பாறைக்கு வலப்புறம். அதே குரல். அதே உடைசல்.

எரிந்த சரிவிலிருந்து ஒரு வாடை வந்தது. கரிந்த புல் வாடை அவளுக்குத் தெரியும். வெந்த மண் வாடையும் தெரியும். இது வேறு. வெகுகாலம் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்ததும் வருகிற வாடை. எரிந்துபோன இடத்தில் அந்த வாடை எப்படி வரும்?

“கூ...” இன்னும் கிட்டத்தில்.

இரண்டில் எது அவன்? இடப்புறம் போனால் தீ. வலப்புறம் போனால் கருகிய சரிவு, உள்ளே வேர்கள் கனன்றுகொண்டிருக்கும், காலை வைத்தால் முழங்கால்வரை இறங்கும். கூவினால் இரண்டும் பதில் கூவும். கூவலில் ஆள் அடையாளம் இல்லை. பேருக்குத்தான் ஆள் உண்டு. அவன் மட்டும் திரும்பிப் பார்க்கிற ஒன்று வேண்டும். அவளிடம் அது ஒன்றுதான் இருந்தது, இத்தனை வருஷமாகத் தொடாமல் வைத்திருந்தது.

கட்டுப்பாடு நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. அதைத் தள்ளிவிட்டாள்.

“பூவரசன்!”

எப்படிக் கூப்பிடுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. ரேஷன் கடையில் கூப்பிடுகிற மாதிரி, மொட்டையாக, முழுப் பேராக வந்தது.

மலை வாயை மூடிக்கொண்டது. புதர் பொரிவது நின்றது. கணவாய் லாரிச் சத்தம் அறுந்தது. தீகூடக் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி.

“ஏ புள்ள!”

கீழே. அவளுக்கு முதுகுப்பக்கம், பச்சை இருக்கிற ஓடைப்பள்ளத்திலிருந்து. “இங்க இருக்கறன்! தீய அடிக்கத் தழ ஒடிக்கப் போனன். என்னா சொன்ன? இன்னொருக்கா சொல்லு!”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பினாள். புகைக்குள் அவன் தெரிந்தான். கையில் ஒரு கத்தைத் தழை, தலையில் பச்சைத் துண்டு, கரி முகத்தில் பல் மட்டும் வெள்ளையாக. ஓடை மேட்டைப் பிடித்து ஏறி வந்துகொண்டிருந்தான்.

“பூவரசா...”

கூப்பிட்டது அவள் இல்லை.

பாறைக்கு அப்பாலிருந்து வந்தது. அவளுடைய குரல். அவள் சொன்ன மாதிரி மொட்டையாக இல்லை. கடைசி எழுத்தை இழுத்து, கொஞ்சம் வெட்கப்பட்டு, விளக்கை அணைத்த பிறகு பக்கத்தில் படுத்துக்கொண்டு கூப்பிடுகிற மாதிரி. அவள் கூப்பிட்டிருக்க வேண்டிய மாதிரி.

பூவரசன் நின்றான். அவன் முகம் மெல்லப் பாறைப் பக்கம் திரும்பியது.

போகாதீங்க என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள். தொண்டைக்குள் சாம்பல். கையை ஆட்டினாள். கல்லை எடுத்து எறிந்தாள். இடையில் புகை. அவன் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

“பூவரசா... வாங்க...”

“வந்துட்டன்!” அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். “வந்துட்டன் புள்ள!”

தழையைக் கீழே போட்டான். ஓடினான். எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வருவேன் என்று சொன்ன ஓட்டம். பச்சைத் துண்டு பாறையைச் சுற்றித் திரும்பியது.

மறைந்தது.

அவளும் ஓடினாள். கல் இடறியது. விழுந்தாள். எழுந்தாள். பாறையைக் கட்டிப்பிடித்து ஏறினாள். உள்ளங்கை பொசுங்கியது. உச்சியில் நின்று அந்தப்புறம் பார்த்தாள்.

புகை சற்றே விலகியது.

கருத்த சரிவு. ஒரு காலடித் தடமில்லை. சாம்பல் தண்ணீர் தேங்கின மாதிரி மட்டமாகக் கிடந்தது. அதில் கரிந்த கட்டைகள் நின்றன. ஆள் உயரம். மரம் எரிந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தானே நிற்கும். இவை வரிசையாக நின்றன. மேலிருந்து கீழாக, ஒரே கோட்டில், கூப்பிடு தூரத்துக்கு ஒன்று. முகடு தாண்டி அந்தப்புறமும் போயிற்று வரிசை.

வரிசையில் கடைசிக் கட்டை பாறைக்குக் கிட்டத்தில் நின்றது. அதன் உச்சியில் பச்சைத் துண்டு கட்டியிருந்தது. துண்டில் ஒரு நூல்கூடப் பொசுங்கவில்லை.

“கூ...”

அடியிலிருந்து சவுரியப்பன். எல்லாரும் இருக்கிறீர்களா என்று கேட்கிறார்.

“கூ...” சோபனா.

அடுத்தது ராமக்காள். அவள் கூவக் கூடாது. ஒரு குரல் குறைந்தால் மேஸ்திரி இறங்கமாட்டார். தேடி வருவார். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். மூச்சைக்கூட விடவில்லை.

“கூ...”

அவளுடைய குரல். பக்கத்தில்.

“கூ...” பச்சைத் துண்டிலிருந்து, கடைசியில் லேசாக உடைந்து.

“ஆவுட்டும்! எல்லாம் வாங்க, நாங்க எறங்கறோம்!” சவுரியப்பன் கீழே சத்தம் கொடுத்தார். சோபனா ஏதோ சொல்ல அவர் சிரிப்பது கேட்டது. கற்கள் உருண்டன. பேச்சுச் சத்தம் அடிவாரத்தை நோக்கிப் போயிற்று.

பச்சைத் துண்டுக்கு அடுத்த கட்டை கூவியது. அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், சரிவில் ஏறி, முகட்டைத் தாண்டி, கூவல் போய்க்கொண்டே இருந்தது.