இருபதாவது அந்தர்

என் சிநேகிதன் பற்றிக் என்னைக் கூட்டிக்கொண்டு கார் பார்க்கப் போனது அறுபத்துநாலாம் ஆண்டு மாசியில். அவனுடைய கலியாணத்துக்கு மூன்று கிழமை இருந்தது. பெண் இன்பமலர். இரண்டு வருடமாக அவளிடம் சொல்ல ஒரு சொல்லை நான் வாய்க்குள் வைத்திருந்தேன். அவன் ஒரே கிழமையில் ஆள்விட்டுப் பேசி முடித்துவிட்டான். அவன் துறைமுகத்தில் கிளாக்கர். நான் கராஜில் எண்ணெய்க் கையோடு நிற்பவன். ஆனாலும் கார் வாங்கும்போது கிளாக்கர் ஐயாவுக்கு நான் வேண்டியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

காரை விற்கிறவர் பாக்கியரத்தினம், வீதி வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர். உவர்மலையில் வீடு. கறுப்பு ஒஸ்டின் கார் மாமர நிழலில் நின்றது. அவருடைய மனைவி காய்ச்சலில் போய் நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. அவர் வேலைக்கென்று கந்தோருக்குப் போனாலும் அந்த அம்மா முன் சீற்றில் ஏறிக் கூடவே போவாவாம். வேறு பெண் ஒருத்தியை அதில் இருக்க விட்டதில்லையாம். இதையெல்லாம் நாங்கள் கேட்காமலே சொன்னார். காருக்குக் கிட்ட மட்டும் வரவில்லை.

காரின் பதிவுப் புத்தகத்தை விரித்து எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தன. ஆனால் கார் இடப்பக்கம் பதிந்து நின்றது. அடியில் பாரம் தாங்கும் வில்லுத்தகடுகள் புதியவை. சில்லுகளில் காற்றும் குறையவில்லை.

முன் சீற்றில் கை வைத்தேன்.

சூடாக இருந்தது. முழுகிவிட்டு உலர்த்தாத கூந்தலின் மணம் உள்ளே அடைத்துக் கிடந்தது.

புத்தகத்தில் வெறும் எடை பத்தொன்பது அந்தர் என்று போட்டிருந்தது. ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லி, துறைமுக வாசலில் லொறி நிறுக்கும் தராசுக்குத் தனியே கொண்டுபோனேன். தாங்கியில் பெற்றோல் அடிமட்டத்தில்தான் கிடந்தது. இறங்கி நின்று நிறுத்தேன்.

இருபது அந்தர். ஒரு அந்தர் என்றால் நூற்றுப்பன்னிரண்டு இறாத்தல். ஒரு மெலிந்த பெண்ணின் எடை.

தராசடி ஜெமீல் யன்னலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, உள்ளுக்க இருக்கிற அம்மாவையும் இறங்கச் சொல்லுங்க. ஆளோட நிறுத்தா பிழையாத்தான் வரும்."

திரும்பினேன்.

உள்ளே ஒருவரும் இல்லை.

சீற்றின் தோல் மட்டும் குழிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் குழி என் பக்கமாக மெல்ல நகர்ந்தது.

எப்படித் திரும்பி ஓட்டிவந்தேன் என்று நினைவில்லை. பற்றிக் கேற்றடியில் காத்துநின்றான். "என்ன மச்சான், எடுக்கலாமோ?"

சொல்லத்தான் வாயெடுத்தேன். அவனுக்குப் பக்கத்தில் இன்பமலர் தோளில் சாய்ந்தபடி போகும் காட்சி கண்ணுக்குள் வந்தது.

"ஒரு பழுதும் இல்லை. எடு," என்றேன்.

கலியாணத்தன்று கோயில் வாசலில் அவள் முன்பக்கம் ஏறக் கால் வைத்ததும் கதவு தானாக அறைந்தது. அவள் கையில் மூன்று விரல் நசுங்கிப்போயிற்று. அதன்பிறகு அவள் பின் சீற்றில்தான் போய்வந்தாள். கதவைத் திருத்தப் பற்றிக் என்னிடமே கொண்டுவந்தான். கீலுக்குக் கிறீஸ் போட்டு அனுப்பினேன், வாய் திறக்கவில்லை. பாவம் என்று நினைத்தேன்தான். ஆனால் அவள் அவன் பக்கத்தில் இல்லை என்பது உள்ளுக்குள் இனித்தது. வெட்கங்கெட்ட மனம்.

சித்திரையில் ஒருநாள் உச்சி வெயிலில் அந்தக் கார் கராஜ் வாசலில் வந்து நின்றது. இடப்பக்கம் பதியாமல் மட்டமாக நின்றது. முன் சீற்றில் இன்பமலர். பற்றிக் சிகரட் வாங்க எதிர்க்கடைக்குப் போனான்.

அவள் யன்னலால் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "ஆனந்தண்ணை, அவ நேற்று இறங்கிற்றா."

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தேன்.

"ஆரெண்டு நீங்கள் கேக்கேல்லை. அப்ப உண்மைதான். தன்னைக் கண்டும் எங்களுக்குச் சொல்லாத ஒருத்தர் இருக்கிறாராம். தன்னை மாதிரியே எரியிற மனசாம். அவரிட்டைப் போறனெண்டு என்ரை காதுக்குள்ளை சொல்லிப்போட்டுத்தான் இறங்கினவ."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. பற்றிக் வந்து ஏறினான். கார் கடற்கரை வீதிப் பக்கம் திரும்பியது. அவள் அவன் தோளில் சாய்வது தெரிந்தது. வயிறு பழையபடி எரிய, போகும்வரை பார்ப்போம் என்று தலையைத் திருப்ப முயன்றேன்.

திரும்பவில்லை.

ஒரு பெண்ணின் ஈரக் கை என் தாடையைப் பிடித்து, மெல்லத் தன் பக்கம் திருப்பியது.